ஜெர்மனிச் சம்பளம்: ஆஃபர் லெட்டரில் ஒரு தொகை, கைக்கு ஒரு தொகை

ஜெர்மனியில் வேலை உறுதியாகி, ஆண்டுக்கு 60,000 யூரோ என்று ஆஃபர் லெட்டர் வந்ததும் வீட்டில் எல்லோரும் முதலில் செய்வது அதை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதுதான். 2025இல் ஒரு யூரோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டதால் கணக்கும் சுலபம்: 60 லட்சம். அன்று மாலைக்குள் அந்த எண் சித்தப்பா வீடு, மாமா வீடு வரை போய்ச் சேர்ந்துவிடும். வீட்டுக் கடனை எத்தனை வருடத்தில் அடைக்கலாம், தங்கை கல்யாணத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்ற பேச்சும் தொடங்கிவிடும்.

அந்தப் பெருக்கலைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். செலவு யூரோவில் நடக்கும்போது வருமானத்தை மட்டும் ரூபாயில் பார்த்தால் கணக்கு தப்பாகத்தான் வரும். நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டே தொகைகள். ஒன்று, பிடித்தமெல்லாம் போக மாதக் கடைசியில் வங்கியில் வந்து விழும் பணம். இன்னொன்று, அதிலிருந்து வீட்டு வாடகை போனபின் மிஞ்சுவது. இந்த இரண்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். எண்கள் எல்லாம் 2025ஆம் ஆண்டு விதிகளின்படி. ஒவ்வொரு ஜனவரியிலும் சில மாறும், ஆனால் கணக்கு போடும் முறை மாறாது.

ப்ருட்டோவும் நெட்டோவும்

ஒப்பந்தத்தில் இருக்கும் தொகையை ஜெர்மானியர்கள் ப்ருட்டோ என்பார்கள், கைக்கு வருவதை நெட்டோ என்பார்கள். சம்பளப் பேச்சு முழுவதும் ப்ருட்டோவில்தான் நடக்கும். நம் ஊர் சிடிசி போல நிறுவனத்தின் பங்கு, கிராஜுவிட்டி எல்லாவற்றையும் உள்ளே சேர்த்து ஊதிக் காட்டும் எண் இல்லை அது. நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் பங்கு இதற்கு மேல் தனியாகப் போகும்.

60,000 யூரோவை 12ஆகப் பிரித்தால் மாதம் 5,000. திருமணமாகாத, குழந்தை இல்லாத, 23 வயதைத் தாண்டிய ஒருவருடைய சம்பளச் சீட்டை வரிவரியாகப் பார்ப்போம். ஓய்வூதியக் காப்பீட்டுக்கு 9.3 சதவீதம், அதாவது 465 யூரோ. வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3 சதவீதம், 65 யூரோ. மருத்துவக் காப்பீட்டுக்கு அடிப்படை 7.3 சதவீதத்தோடு, காப்பீட்டு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் கூடுதல் கட்டணத்தில் பாதியும் சேரும். சராசரிக் கட்டணத்தை வைத்துக்கொண்டால் மொத்தம் 427 யூரோ சொச்சம். முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுக்கு, குழந்தை இல்லாதவர் என்பதால் 2.4 சதவீதம், 120 யூரோ. இதுவரை ஏறக்குறைய 1,078 யூரோ போய்விட்டது. வருமான வரி இன்னும் வரவில்லை.

வரி இதே ஆளுக்கு மாதம் 800 யூரோவை ஒட்டி வரும். ஆக 5,000 யூரோவில் கைக்கு வருவது சுமார் 3,120. ஆண்டுக்கு 60 லட்சம் என்று ஊரில் பேசிய தொகை, மாதம் மூன்று லட்சத்துச் சொச்சமாகி நிற்கிறது. அதுவும் யூரோவில் செலவழிக்க வேண்டிய மூன்று லட்சம்.

வருமான வரியில் ஆண்டுக்கு 12,096 யூரோ வரை வரியே கிடையாது. அதற்கு மேலே 14 சதவீதத்தில் தொடங்கி, வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறி 42 சதவீதம் வரை போகும் (மிகப் பெரிய வருமானங்களுக்கு மட்டும் 45). இந்த 42ஐப் பார்த்துப் பயந்துபோய் விசாரிப்பவர்கள் நிறையப் பேர். அது முழுச் சம்பளத்துக்கும் விழுவதில்லை. பிடித்தங்கள் கழிந்து வரிக்கு உட்படும் தொகை 68,480 யூரோவைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும்தான்.

இன்னொரு பிடித்தம் நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது. முகவரியைப் பதிவு செய்யும்போது படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்றோ ஜெர்மனியின் புரொட்டஸ்டன்ட் திருச்சபையைச் சேர்ந்தவர் என்றோ பதிவானால் திருச்சபை வரி தொடங்கிவிடும். பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பெர்க்கிலும் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். மேலே சொன்ன சம்பளத்துக்கு மாதம் 64லிருந்து 72 யூரோ வரை ஆகும். கட்டுவதா வேண்டாமா என்பது அவரவர் மனசாட்சி. ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்பினால் பணம் பிடிப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு நிரப்புங்கள்.

கல்யாணம் ஆனவர்களுக்குக் கணக்கு வேறு

ஜெர்மனியில் வரி வகுப்பு என்று ஆறு உண்டு. தனியாக இருப்பவர் முதல் வகுப்பு. கணவன் மனைவி இருவரும் ஏறக்குறைய ஒரே அளவு சம்பாதித்தால் இருவருக்கும் நான்கு. ஒருவர் மட்டும் சம்பாதித்தால், அல்லது ஒருவர் மிக அதிகமாகச் சம்பாதித்தால், அவருக்கு மூன்றும் மற்றவருக்கு ஐந்தும் எடுக்கலாம். அதே 5,000 யூரோவுக்கு மூன்றாம் வகுப்பில் வரி 420 யூரோவை ஒட்டித்தான் வரும், கையில் 3,500 கிடைக்கும். ஒரு குழந்தையும் இருந்தால் பராமரிப்புக் காப்பீடு 1.8 சதவீதமாகக் குறையும். அதோடு கிண்டர்கெல்ட் என்ற குழந்தை உதவித்தொகை, ஒரு குழந்தைக்கு மாதம் 255 யூரோ, பெற்றோர் கணக்குக்கே வரும். தனி ஆள் வாங்கும் 3,120க்கும் இந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கும் 3,780க்கும் உள்ள இடைவெளி சின்னது இல்லை.

ஆனால் நம் ஆட்கள் பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். மனைவியும் குழந்தையும் இந்தியாவில் இருக்க, நீங்கள் மட்டும் முதலில் வந்தால் மூன்றாம் வகுப்பு கிடைக்காது. கல்யாணச் சான்றிதழ் கையில் இருந்தாலும் உங்களைத் தனி ஆளாக வைத்தே வரி பிடிப்பார்கள். ஊரில் இருக்கும் குழந்தைக்குக் கிண்டர்கெல்ட்டும் பொதுவாக வராது. ஆகவே குடும்பம் வந்து சேரும் வரை முதல் வகுப்புக் கணக்கையே வைத்துச் செலவைத் திட்டமிடுங்கள். ஆறுதலான செய்தியும் உண்டு. துணைவர் அந்த ஆண்டு டிசம்பரில் வந்து சேர்ந்தால்கூட, அந்த முழு ஆண்டுக்கும் இருவரும் சேர்ந்து வரிக்கணக்கு தாக்கல் செய்ய முடியும். அதில் ஒரு நல்ல தொகை திரும்பி வர வாய்ப்பு உண்டு.

வகுப்பு மூன்றும் ஐந்தும் மாதாமாதம் பிடிப்பதை மாற்றுமே தவிர, ஆண்டு முழுவதற்குமான வரியை மாற்றாது. வருடக் கடைசியில் இருவர் வருமானத்தையும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள். மனைவிக்கும் வேலை கிடைத்தபின் ஐந்தாம் வகுப்பிலேயே விட்டுவைத்தால் அவருடைய நெட்டோ மிகவும் குறைவாகத் தெரியும். நாளைக்கு அவருக்கு வேலையின்மை உதவித்தொகை தேவைப்பட்டாலோ, குழந்தை பிறந்து பெற்றோர் உதவித்தொகை வாங்க நேர்ந்தாலோ, அந்தக் குறைந்த நெட்டோவை வைத்தே கணக்கிடுவார்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் நான்கு-நான்குதான் நியாயமான ஏற்பாடு என்பது என் கருத்து.

பிடித்த பணம் எங்கே போகிறது

மாதம் 1,900 யூரோ போகிறதே என்று வயிற்றெரிச்சல் வருவது இயல்பு. அந்தப் பணத்துக்குக் கிடைப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மருத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுக் காப்பீட்டில் நீங்கள் ஒருவர் கட்டினால், வருமானம் இல்லாத துணைவருக்கும் குழந்தைகளுக்கும் கூடுதல் கட்டணம் இல்லாமலே அதே பாதுகாப்பு கிடைக்கும். பிரசவம், அறுவைச் சிகிச்சை எதுவானாலும் மருத்துவமனையில் முன்பணம் கட்டச் சொல்லி நிற்கவைக்க மாட்டார்கள். நாளுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாள் வரைதான் வாங்குவார்கள். உடம்பு சரியில்லாமல் போனால் முதல் ஆறு வாரம் நிறுவனமே முழுச் சம்பளம் தரும். அதற்குமேல் நீண்டால் காப்பீட்டிலிருந்து ப்ருட்டோவில் 70 சதவீதம் வரை வரும்.

வேலையின்மைக் காப்பீடும் அப்படியே. கடைசி 30 மாதங்களில் 12 மாதம் கட்டியிருந்தால், வேலை போனபின் நெட்டோவில் 60 சதவீதம், குழந்தை இருந்தால் 67 சதவீதம் கிடைக்கும். 12 மாதம் கட்டியவருக்கு 6 மாதம், 24 மாதம் கட்டியவருக்கு 12 மாதம். இதைத் தலைகீழாகவும் படியுங்கள்: முதல் ஆண்டுக்குள் வேலை போனால் அந்த உதவித்தொகை கிடையாது. ஆகவேதான் வந்த புதிதில் கையிருப்பு அவசியம்.

ஓய்வூதியத்தில் நீங்கள் 465 கட்டினால் நிறுவனமும் இன்னொரு 465 கட்டுகிறது. ஐந்து ஆண்டு கட்டினால் ஓய்வு வயதில் ஓய்வூதிய உரிமை வந்துவிடும். இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே 2017 மே முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. இரு நாட்டிலும் கட்டிய காலத்தைச் சேர்த்துப் பார்க்க அது வழிசெய்கிறது. ஊர் திரும்பினாலும் கட்டியது வீண்போகாது. வருடாவருடம் வரும் ஓய்வூதியக் கணக்குக் கடிதங்களைக் கோப்பில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆண்டுக்கு 73,800 யூரோவுக்கு மேல் சம்பாதிப்பவர் பொதுக் காப்பீட்டை விட்டுத் தனியார் காப்பீட்டுக்குப் போகலாம். இளம் வயதில் அது மலிவாகத் தெரியும், மருத்துவரிடம் நேரமும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அங்கே மனைவிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். திரும்பிப் பொதுக் காப்பீட்டுக்கு வருவது கடினம், 55 வயதுக்குமேல் ஏறக்குறைய முடியாது. குடும்பத்தோடு இருக்க நினைப்பவர் முகவர் பேச்சைக் கேட்டு இந்த முடிவை அவசரமாக எடுக்கவே கூடாது.

வாடகை

என்னைக் கேட்டால், ஜெர்மனியில் உங்கள் பொருளாதார நிலையைத் தீர்மானிப்பது சம்பளத்தைவிட வாடகைதான். விளம்பரத்தில் இரண்டு வாடகை இருக்கும். கால்ட்மீட்டே என்பது வெறும் வீட்டுக்கான வாடகை. வார்ம்மீட்டே என்பது அதோடு தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம், பெரும்பாலும் வெப்பமூட்டலும் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் வழக்கமாக இரண்டிலும் வராது. கொட்டை எழுத்தில் இருப்பது பல நேரம் கால்ட்மீட்டேதான். பட்ஜெட் போட வேண்டியது வார்ம்மீட்டேயில்.

இந்தச் சேர்ந்த கட்டணங்கள் மாதாமாதம் உத்தேசமாக வாங்கப்படுபவை. கணக்கு ஆண்டு முடிந்து ஒரு வருடத்துக்குள் வீட்டுக்காரர் உண்மைச் செலவைக் கணக்கிட்டுக் கடிதம் அனுப்புவார். குளிர்காலம் முழுக்க ஹீட்டரை ஐந்தில் வைத்துவிட்டு ஜன்னலைச் சாய்த்துத் திறந்து வைத்திருந்தால், அந்தக் கடிதத்தில் சில நூறு யூரோ பாக்கி வரும். நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு முதல் குளிர்காலத்தில் இது நடப்பது சகஜம். ரேடியேட்டர் குமிழில் மூன்று என்ற எண் சுமார் 20 டிகிரி. அதில் வைத்து, காலை மாலை ஐந்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து மூடினால் போதும்.

இப்போது ஊர்களை ஒப்பிடுவோம். மியூனிக்கில் புதிதாக வாடகைக்கு வரும் வீடுகள் சதுர மீட்டருக்கு 20 யூரோவைத் தாண்டிவிட்டன. லைப்சிக்கில் அது ஏறக்குறைய பாதி. 50 சதுர மீட்டர் வீட்டுக்கு மியூனிக்கில் வார்ம்மீட்டே 1,300 யூரோ என்றும் லைப்சிக்கில் 680 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மியூனிக் நிறுவனம் 60,000 தருகிறது, லைப்சிக் நிறுவனம் 54,000 தருகிறது. பார்த்ததும் எல்லோரும் மியூனிக்கைத்தான் எடுப்பார்கள். முதல் வகுப்பில் 54,000க்குக் கைக்கு வருவது சுமார் 2,850 யூரோ. மியூனிக் சம்பளத்தைவிட 270 யூரோதான் குறைவு. வாடகையிலோ 620 யூரோ மிச்சம். ஆண்டுக்கு 6,000 குறைவாகத் தரும் வேலையில் மாதம் 350 யூரோ அதிகமாக மிஞ்சுகிறது. மியூனிக்கில் அடுத்த வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம், சம்பள உயர்வும் வேகமாக வரலாம். அதற்காக அங்கே போவது சரிதான். ஆனால் அதற்கு மாதாமாதம் என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

விரலுக்கேத்த வீக்கம் என்பதை இங்கே வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்கிறார்கள். நெட்டோ வாடகையைப் போல மூன்று மடங்கு இருக்கிறதா என்று பலர் பார்ப்பார்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஷூஃபா எனப்படும் கடன் நம்பகச் சான்று, இரண்டும் கேட்பார்கள். நேற்று விமானம் இறங்கியவரிடம் இரண்டும் இருக்காது. வேலை ஒப்பந்தத்தையும், முடிந்தால் நிறுவனம் தரும் ஒரு கடிதத்தையும் கொண்டுபோங்கள். நிறுவனமே முதல் சில மாதங்களுக்கு வீடு ஏற்பாடு செய்து தருமா என்பதைச் சம்பளம் பேசும்போதே கேளுங்கள். வெட்கப்பட வேண்டிய கேள்வி இல்லை. ஆயிரம் யூரோ சம்பள உயர்வைவிட அது பெரிய உதவி.

முதல் மூன்று மாதம்

பணம் அதிகம் போவதும் இப்போதுதான், வரவு தாமதமாவதும் இப்போதுதான். சம்பளம் பெரும்பாலும் மாதக் கடைசியில் வரும். அதற்கு முன்னால் வீட்டுக்கு முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். சட்டப்படி அது அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்டே. அதை ஒரே தடவையில் கொடுக்கத் தேவையில்லை, மூன்று சம தவணையாகக் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. இந்த உரிமை பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும், வட்டியும் உங்களுக்கே சேரும்.

அப்புறம் சமையலறை. ஜெர்மனியில் பல வாடகை வீடுகளில் சமையலறை என்ற அறை இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. சுவரில் குழாய்க்கான இணைப்பும் அடுப்புக்கான மின் இணைப்பும் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்பு, அலமாரி, சில வீடுகளில் கூரை விளக்குகூட நாமே வாங்கிப் பொருத்த வேண்டும். முன்பிருந்தவர் தன் சமையலறையை விலைக்கு விட்டுப்போவதும் உண்டு. புதிதாகப் போட்டால் சில ஆயிரம் யூரோ. விளம்பரத்தில் பொருத்தப்பட்ட சமையலறை உண்டு என்று இருக்கிறதா என்பதை முதலிலேயே பாருங்கள்.

கால்ட்மீட்டே 1,000 யூரோ உள்ள வீடு என்றால், முன்வைப்பு 3,000, முதல் மாத வார்ம்மீட்டே 1,200, கட்டில் மெத்தை மேசை 1,000, சமையலறை 2,500, இரண்டு மாதச் சாப்பாடு போக்குவரத்து 900. கூட்டினால் 8,600 யூரோ. தற்காலிக வீட்டில் தங்கும் செலவு தனி. எல்லோருக்கும் இவ்வளவு ஆகாது. நண்பர்களோடு பகிர்ந்து தங்கினால் நாலில் ஒரு பங்கில்கூட முடிக்கலாம். ஆனால் குடும்பத்தோடு வருபவர் இந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கிளம்புவது அகலக்கால் வைப்பதுதான்.

வீட்டில் குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு படிவம் இல்லாமல் அது நடக்காது. சில தற்காலிக வீடுகளில் அந்தப் படிவம் தரமாட்டார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் பதிவு நடந்தால்தான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அந்த எண் நிறுவனத்துக்குப் போகவில்லை என்றால் ஆறாம் வகுப்பில், அதாவது மிக அதிக விகிதத்தில், வரி பிடிக்கும் நிலை வரலாம். பின்னால் திரும்பக் கிடைக்கும்தான். ஆனால் பணம் மிகவும் தேவைப்படும் மாதத்தில் கை கட்டிப் போய்விடும்.

வீடு தேடும்போது மோசடிகள் உண்டு, புதிதாக வருபவர்களைக் குறிவைத்தே நடக்கின்றன. நல்ல இடத்தில் நல்ல வீடு, வாடகை பாதி. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புவார் என்பார்கள். சாவி வராது. வீட்டை நேரில் பார்க்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகாமல், ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். சென்னையில் இருந்துகொண்டு நேரில் பார்க்க முடியாதவர், அங்கே இருக்கும் தெரிந்தவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

சின்னச் சின்னச் செலவுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். முகவரி பதிவான சில வாரங்களில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்றாலும் கட்ட வேண்டும், கடிதத்தைக் குப்பையில் போட்டால் அபராதம் சேரும். இன்னொன்று பொறுப்புக் காப்பீடு. இங்கே சட்டப்படி நீங்கள் கவனக்குறைவால் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கும் முழு ஈடு கொடுக்க வேண்டும். அடுக்குமாடியின் பொதுச் சாவியைத் தொலைத்தால் கட்டடத்தின் பூட்டுகளையே மாற்ற வேண்டி வரலாம், செலவு ஆயிரக்கணக்கில் போகும். ஆண்டுக்கு 50லிருந்து 100 யூரோவுக்குள் ஒரு பொறுப்புக் காப்பீடு எடுத்தால் அந்தக் கவலை இல்லை. சாவி தொலைவது அதில் அடங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் நானாக எடுக்கச் சொல்லும் கூடுதல் காப்பீடு இது ஒன்றுதான். தனியார் ஓய்வூதியத் திட்டம், முதலீட்டோடு சேர்ந்த ஆயுள் காப்பீடு என்று தமிழிலேயே, ஹிந்தியிலேயே பேசி வருபவர்கள் இருப்பார்கள். அவற்றில் பலவற்றில் முதல் சில ஆண்டுப் பணத்தில் பெரும்பகுதி கமிஷனாகப் போய்விடும். ஜெர்மன் மொழியில் படித்துப் புரிந்துகொள்ள முடியாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாட்டின் நிலைமை

ஜெர்மனியின் பொருளாதாரம் 2023, 2024 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் சுருங்கியது. 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபின் மலிவான ரஷ்ய எரிவாயு நின்றுபோனது ஒரு காரணம். வேதியியல், எஃகு போன்ற எரிசக்தி தின்னும் தொழில்களுக்கு அது பெரிய அடி. சீனாவில் ஜெர்மன் கார்களுக்கு முன்பிருந்த மவுசு குறைந்தது இன்னொன்று. 2030க்குள் ஜெர்மனியில் 35,000 வேலைகளைக் குறைக்க ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. விலைவாசி 2022இல் 6.9 சதவீதம், 2023இல் 5.9 சதவீதம் ஏறியது. 2024இல் ஏறும் வேகம் 2.2 சதவீதமாகத் தணிந்தது. ஏறிய விலை இறங்கிவிடவில்லை, இனி மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான். ஆகவே 2019இல் வந்த நண்பர் "மாதம் 200 யூரோவில் சாப்பிட்டேன்" என்று சொன்னால் அதை இன்றைய பட்ஜெட்டில் எழுதாதீர்கள்.

இதனால் அங்கே போகவே கூடாதா? அப்படி இல்லை. மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் ஆட்களுக்குத் தவிக்கின்றன, திறமையுள்ள எலக்ட்ரீஷியனுக்கும் வேலை இருக்கிறது. கார் உதிரிபாகத் துறைக்கும், அதை நம்பியிருக்கும் மென்பொருள் வேலைகளுக்கும்தான் கூடுதல் கவனம் தேவை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அப்போது இரண்டு வார முன்னறிவிப்பில் வேலையை விட்டு நிறுத்தலாம். உங்கள் குடியிருப்பு அனுமதி அந்த வேலையோடு கட்டப்பட்டிருக்கும் என்பதால் இது வெறும் சம்பளப் பிரச்சினை மட்டும் இல்லை. சோதனைக் காலம் முடியும்வரை ஊரில் புதுக் கடன் எடுக்காதீர்கள். முடிந்தால் மூன்று மாதச் செலவுக்கான தொகையைத் தொடாமல் வையுங்கள்.

மொழியும் இங்கே பணக் கணக்குதான். திறன்மிகு வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான குடியிருப்பு அனுமதியான ப்ளூ கார்டில் இருப்பவர், பி1 என்னும் இடைநிலை அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், அடிப்படை அளவே தெரிந்தால் 27 மாதம். நிரந்தர அனுமதி வந்தபின் வேலை போனாலும் நாட்டில் இருந்து நிதானமாக அடுத்ததைத் தேடலாம். ஆங்கிலம் மட்டும் போதும் என்னும் வேலைகள் ஆட்குறைப்புக் காலத்தில் முதலில் சுருங்குகின்றன. வகுப்புக்குக் கொடுக்கும் சில நூறு யூரோவைச் செலவுக் கணக்கில் கடைசியாக வெட்டுங்கள்.

ஊர்க் கணக்கு

வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தபின் இந்தியாவில் உள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க விதி இல்லை. வங்கியில் சொல்லி, வெளிநாடுவாழ் இந்தியர் ஊர் வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை அனுப்ப என்ஆர்இ கணக்கு தனியாகத் திறக்கலாம். பிபிஎஃப் புதிதாகத் தொடங்க முடியாது, ஏற்கெனவே இருப்பதை முதிர்வு வரை தொடரலாம்.

என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதைப் பலர் எங்குமே வரி இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் வசிப்பவருக்கு உலகில் எங்கே வருமானம் வந்தாலும் ஜெர்மன் வரித்துறையிடம் தெரிவிக்கும் கடமை உண்டு. வட்டி, டிவிடெண்ட் போன்றவற்றில் ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 யூரோ வரை விலக்கு. அதற்கு மேல் போனால் வரி விழும். என்ஆர்ஓ வட்டிக்கு இந்தியாவில் பிடித்த வரியை, இரு நாட்டு ஒப்பந்தப்படி 10 சதவீதம் வரை இங்கே கழித்துக்கொள்ளலாம். அப்பா பெயரில் இருக்கும் வைப்புத்தொகை உங்கள் கணக்கில் வராது. உங்கள் பெயரில் இருப்பது வரும்.

கடைசியாக வரிக்கணக்குத் தாக்கல். ஆண்டின் நடுவில் வந்தவர் இதைச் செய்யாமல் விடவே கூடாது. மாதம் 5,000 வாங்கினால், 12 மாதமும் வாங்குவீர்கள் என்று வைத்துத்தான் நிறுவனம் வரி பிடிக்கிறது. ஜூலையில் சேர்ந்தவருக்கு ஜெர்மன் வருமானம் 30,000தான், அதற்கான வரி விகிதம் குறைவு. ஜனவரி முதல் ஜூன் வரை இந்தியாவில் வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை என்றாலும், விகிதத்தை நிர்ணயிக்க அதையும் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்த்தபின்னும் பெரும்பாலோருக்குப் பணம் திரும்பி வரும். வேலைக்காக இடம்மாறிய விமானக் கட்டணம், சாமான் அனுப்பிய செலவு ஆகியவற்றையும் கழிவாகக் காட்டலாம். தாக்கல் செய்யும் கட்டாயம் இல்லாதவர்களும் நான்கு ஆண்டு பின்னோக்கித் தாக்கல் செய்யலாம். கணவன் மனைவி மூன்று-ஐந்து வகுப்பில் இருந்தால் கட்டாயம் செய்தாக வேண்டும். எல்ஸ்டர் என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகவே முடிக்கலாம். அதற்காக இந்தியாவில் வாங்கிய கடைசிச் சம்பளச் சீட்டுகள், பார்ம் 16, விமான டிக்கெட் ரசீது, சாமான் அனுப்பிய பில் இவற்றைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் எடுத்து வாருங்கள்.